ஊரோரத் தரிசைப் படமெடுப்பது: கொங்குப் பகுதிக்கான முழு வழிகாட்டி

புறவழிச்சாலைக்கும் ஊரின் கடைசி வீட்டு வரிசைக்கும் நடுவே கிடக்கும் நிலம் கொங்குப் பகுதியில் பல வேஷத்தில் இருக்கும். கல் நட்டு, கலர் கொடி கட்டி, கடைசிவரை வீடே வராத சைட்டுகள். கதவு போன மோட்டார் ரூமோடு நிற்கும் கிணற்றுத் தோட்டம். கொண்டை உதிர்ந்த தென்னை வரிசை. கூரை இறங்கிய நூல் மில். தண்ணீர் தேங்கிய பாறைக்குழி. குப்பை மேடாகிப்போன பள்ளத்துக் கரை. இருபக்க வேலியும் அழிந்து வெறும் மண் தடமாகிவிட்ட இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போன பழைய பாதை.

இவற்றில் ஒன்றுக்குள் நுழைந்து, சாயங்கால வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு வருவது எளிது. ஆனால் அந்தப் படம் எதையும் சொல்லாது. புதர் எந்த ஊரிலும் புதர்தான். இந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது, எது நின்றுபோனது, அடுத்து என்ன வரப்போகிறது என்ற மூன்றையும் படம் காட்ட வேண்டுமானால், ஒரே இடத்தில் நின்று வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கான வழிமுறைதான் கீழே. விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஒழுங்காகக் குறிப்பெழுதும் பழக்கம் தேவை.

முதலில்: எது தரிசு, எது தரிசு இல்லை

இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சித்திரையில் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் செம்மண்ணும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரமும்தான் தெரியும். பார்ப்பதற்குக் கைவிட்ட நிலம்போல இருக்கும். அது கொரங்காடு. கொழுக்கட்டைப் புல் வளர்த்து, கிளுவை வேலி அடைத்து, காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் முறை வைத்து மேய்க்கும் நிலம். மழை விழுந்த சில வாரத்தில் அதே இடம் புல்லாக நிற்கும். இதைப் படமெடுத்துப் ‘பாழ்நிலம்’ என்று எழுதினால் படம் பொய் சொல்கிறது என்றுதான் அர்த்தம்.

கொரங்காட்டை அடையாளம் காண வேலியைப் பாருங்கள். கிளுவை அடர்ந்து, ஓட்டை விழுந்த இடத்தில் முள் வைத்து அடைத்திருந்தால் ஆள் புழக்கம் இருக்கிறது. நுழைகிற கடவில் படல் சாத்தியிருக்கும். உள்ளே சாணி, ஆட்டுப் புழுக்கை, தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதேபோல அறுவடை முடிந்த மானாவாரிக் காடும் (இங்கே காடு என்றால் வனம் அல்ல, உழவு நிலம்) தரிசாகத் தெரியும். குனிந்து பார்த்தால் சோளத்தட்டின் அடிக்கட்டை வரிசையாக நிற்கும். வரிசை தெரிந்தால் அது உழவுக் காடு.

உண்மையிலேயே கைவிட்ட நிலத்துக்கு வேறு அடையாளங்கள் உண்டு. மோட்டார் ரூமில் மீட்டர் பெட்டி காலியாக இருக்கும். கம்பத்திலிருந்து வரும் ஒயர் அறுந்திருக்கும் அல்லது கழற்றப்பட்டிருக்கும். சொட்டுநீர்க் குழாய் சுருண்டு மண்ணில் புதைந்திருக்கும். செடிகளும் காலம் சொல்லும். பார்த்தீனியம், துத்தி, நாயுருவி எல்லாம் உழவு நின்ற முதல் மழையிலேயே வந்துவிடும். எருக்கும் ஆவாரையும் பிடித்து நிற்கச் சில பருவங்கள் ஆகும். சீமைக்கருவேலம் ஆள் மறையும் புதராகி, அடிமரம் தொடைப் பருமன் வந்திருந்தால், நிலம் விட்டுப்போய் நாளாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்று நிலையும் ஒரே காட்டில் அடுத்தடுத்து இருந்தால் அதுவே நல்ல படம், ஏனென்றால் நிலம் ஒரே நாளில் கைவிடப்படவில்லை, துண்டு துண்டாகக் கைவிடப்பட்டது என்பது அதில் தெரியும்.

இடம் தேர்வு: பாதி வேலை மேஜையில்

ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்து அரை மணிக்குள் போகிற தூரமாக இருக்கட்டும். தூரம் அதிகமானால் இரண்டாம் வருடம் போக மாட்டீர்கள்.

கணினியில் கூகுள் எர்த் புரோ நிறுவி, பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்துங்கள். வருடம் வருடமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் கிணறு எப்போது வற்றியது, தென்னை எப்போது குறைந்தது, சைட்டுக்கான மண் சாலை எந்த வருடம் விழுந்தது என்பது தெரிந்துவிடும். பழைய படங்கள் சில இடங்களில் மங்கலாக இருக்கும். கோடைப் படத்தையும் மழைக்காலப் படத்தையும் ஒப்பிட்டு ‘பசுமை போய்விட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். மாதத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

அடுத்தது ஆவணம். தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடும் புலப்படமும் (நிலத்தின் அளவைப் படம்) கிடைக்கும். அ-பதிவேட்டில் அந்த நிலம் நஞ்சையா புஞ்சையா, குட்டைப் புறம்போக்கா ஓடைப் புறம்போக்கா வண்டிப்பாதையா என்று இருக்கும். நேரில் போனால் குப்பை கொட்டிய பள்ளமாகத் தெரிவது பதிவேட்டில் ஓடையாக இருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் எடுக்க வேண்டிய படமே மாறிவிடும்: குப்பையை அல்ல, தண்ணீர் வந்த வழியை எடுக்க வேண்டும்.

எந்த வகை நிலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பாறைக்குழிக்குப் பல்லடம், காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கம். கொரங்காட்டை வீட்டுமனை தின்னும் விளிம்புக்குக் காங்கயம் சுற்றுவட்டம். செம்மண் அள்ளிய பள்ளங்களுக்கும் 2021-ல் மூடப்பட்ட செங்கல் சூளைகளுக்கும் தடாகம் பள்ளத்தாக்கு. சாயக்கழிவின் தடத்துக்கு நொய்யல். அந்த ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு வந்ததைவிடச் சாயத்தண்ணீரைத் தேக்கியதுதான் அதிகம். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஆற்றோரக் காடுகளில் கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டால், காலை ஏழரைக்குள் முட்டிபோட்டுத் தாழ்வாக எடுங்கள். சாய்ந்த வெயிலில் அந்த வெள்ளைப் படலம் தனியாகத் தெரியும். உச்சியில் மண்ணோடு மண்ணாகிவிடும்.

குட்டைகளை எடுக்க விரும்புகிறவர்களுக்கு அவிநாசி, அன்னூர், பெருந்துறை வட்டாரம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரிநீரைக் குழாயில் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளுக்கு நிரப்புவது அதன் நோக்கம். பல வருடம் சீமைக்கருவேலங்காடாகக் கிடந்த குட்டையில் தண்ணீர் நிற்பதும், அந்த மரங்கள் நின்றபடியே காய்வதும் இப்போதுதான் எடுக்க முடியும்.

பேச்சு: கேமராவை எடுப்பதற்கு முன்

முக்காலியை விரித்து நிறுத்திப் பாருங்கள், கால் மணி நேரத்துக்குள் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நிற்கும். “சர்வே பண்றீங்களாங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். காரணம் இருக்கிறது. எரிவாயுக் குழாய், உயர்மின் கோபுரம், அன்னூர்ப் பக்கம் தொழிற்பூங்கா, நெடுஞ்சாலை விரிவு என்று இந்தப் பகுதி விவசாயிகள் நிலத்துக்காகப் பல வருடம் போராடியவர்கள். முக்காலி வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர் நிலம் அளக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். இன்னொரு சந்தேகம், புரோக்கர் என்பது.

அதனால் முக்காலியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பக்கத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) நடந்து போங்கள். “அண்ணா, வணக்கமுங்க. இந்தப் பக்கம் காடு தோட்டமெல்லாம் எப்படி மாறுதுன்னு வருசா வருசம் போட்டோ எடுக்கறமுங்க. உங்க காட்டு ஓரத்துல நின்னு எடுத்துக்கலாமுங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஃபோனில் பழைய செயற்கைக்கோள் படத்தைக் காட்டுங்கள். தங்கள் கிணறு அதில் தெரிந்ததும் பேச்சு தானாக வரும்: எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது, எத்தனை போர்வெல் போட்டுத் தண்ணீர் வராமல் புகைந்தது, பருத்தியும் புகையிலையும் எப்போது விட்டது, பிள்ளைகள் எந்தக் கம்பெனிக்குப் போனார்கள். இவ்வளவையும் அன்றே எழுதிவிடுங்கள். படத்துக்கு வரி எழுத இதைவிட நல்ல மூலம் கிடையாது.

மறுமுறை போகும்போது முந்தைய படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள். மூடிய மில்லும் கம்பெனி நிலமும் வேறு கணக்கு. காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போவது அவர் வேலைக்கு ஆபத்து. நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், இல்லையென்றால் ரோட்டிலிருந்து எடுங்கள். சூலூர் விமானப்படைத் தளத்தின் சுற்றுப்புறத்தில் கேமராவையே வெளியே எடுக்க வேண்டாம். காப்புக்காட்டு எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

கருவிகள்

கேமரா எதுவாகவும் இருக்கலாம், லென்ஸ் ஒன்றே ஒன்று போதும். முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்கு 35 மி.மீ., சிறு சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவுக்கு 24 மி.மீ. இதைவிட அகலமாகப் போனால் வானமும் முன்மண்ணும் படத்தை நிறைத்துவிடும். சொல்ல வேண்டிய கிணறும் கம்பமும் எறும்பாகிவிடும். தொடர் முழுவதற்கும் அதே லென்ஸ்தான், மாற்றக்கூடாது. ஜூம் லென்ஸ் என்றால் வளையத்தை ஒரு எண்ணில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.

ஃபோனில் எடுப்பவர்கள் ‘புரோ’ முறையில், 1x கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள். 0.5x ஓரங்களை இழுக்கும். ஃபோன் மாற்றினால் லென்ஸின் அகலமும் மாறும் என்பதை மறக்கக்கூடாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சற்று அகலமாக எடுத்துப் பிறகு வெட்டிப் பொருத்தலாம்.

இவற்றோடு முக்காலி, மூன்று மீட்டர் டேப், திசைகாட்டி, சாம்பல் நிற அட்டை ஒன்று, சிறு நோட்டு, பென்சில். பேனா வியர்வையில் அழியும். போலரைசர் ஃபில்டர் இருந்தால் குட்டைத் தண்ணீரின் மினுமினுப்பைக் குறைக்க உதவும். ஆனால் வானம் பாதிச் சட்டத்துக்கு மேல் வருகிற படத்தில் அதைக் கழற்றிவிடுங்கள். வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளுத்தும் போகும். அடுத்த வருடம் அதே கோணத்தில் ஃபில்டரைத் திருப்பவும் முடியாது.

பருவமும் வெயிலும்

கொங்கு நாட்டின் வெளிச்சத்தை முடிவு செய்வது பாலக்காட்டுக் கணவாய். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை அதன் வழியாகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மேகம் ஓடும், மழை அதிகம் விழாது. ஒரு நிமிடம் சுள்ளென்ற வெயில், அடுத்த நிமிடம் நிழல். இந்தக் காலத்தில் கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும். முக்காலியில் பொருத்திக் காத்திருந்து, வெயிலில் இரண்டும் மேகநிழலில் இரண்டும் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. மழை கழுவிய மறுநாள் காலை வெள்ளிங்கிரியும் ஊதியூர் மலையும் கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். மார்கழி, தையில் காலைப் பனி. பங்குனி, சித்திரையில் தூசிப் புகையில் மலையே மறைந்துவிடும்.

ஒரு நிலையத்துக்கு, அதாவது நீங்கள் நின்று எடுக்கும் புள்ளிக்கு, வருடத்தில் நான்கு முறை போதும். எந்த நாளில் போவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூரியனின் பாதை ஜூன் 21-க்கு இருபுறமும் சமமான தூரத்தில் உள்ள நாட்களில் ஒன்றாக இருக்கும். ஏப்ரல் 21-க்கும் ஆகஸ்ட் 21-க்கும் நிழல் ஏறக்குறைய ஒன்றே. கடிகாரத்தில் ஆகஸ்ட் நிழல் நாலு நிமிடம் பிந்தும், அவ்வளவுதான். அதேபோல டிசம்பர் 21-க்கு இருபுறமும் அக்டோபர் 20, பிப்ரவரி 21. இந்தச் சோடியில் கடிகார வித்தியாசம் பெரிது: அக்டோபரில் காலை 8:00-க்கு விழும் நிழல் பிப்ரவரியில் ஏறக்குறைய 8:30-க்குத்தான் விழும். இந்த நான்கு தேதிகளை வைத்துக்கொண்டால் கோடைக் காய்ச்சலும் ஆடிக் காற்றின் முடிவும் ஒரே வெளிச்சத்திலும், மழைப் பசுமையும் மாசிக் காய்ச்சலும் ஒரே வெளிச்சத்திலும் அமையும். மாற்றம் வெயிலில் இல்லை, நிலத்தில்தான் என்பதைப் பார்க்கிறவர் நம்புவார். இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனால் பாதகமில்லை.

கோவை ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சி. கம்பத்துக்கு நிழலே இருக்காது. அந்த நாட்களில் பத்து மணிக்கு மேல் எடுக்காதீர்கள். வடக்குப் பார்த்த மில் சுவரை எடுக்க வேண்டுமானால் மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரைதான் காலை மாலை வெயில் அதன்மேல் விழும். தை மாதத்தில் போனால் அது நாள் முழுக்க இருட்டுச் சுவர். மேற்கே மலை ஒட்டிய ஊர்களில் சூரியன் அடிவானத்துக்கு முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும் என்பதால், மாலையை நம்பாமல் காலையை நம்புவது நல்லது.

நிலையம் அமைத்தல்

நிலையம் என்றால், நீங்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போகிற புள்ளி. முதல் நாள் கேமரா இல்லாமல் நடங்கள். கிணறு, கம்பம், வேலி, சைட் கல், மண் தடம், பள்ளம் எல்லாம் எங்கெங்கே என்று நோட்டில் கைப்படம் போடுங்கள். இரண்டாம் நாள் கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. ஐந்து முதல் எட்டு நிலையங்கள் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் காலை வெயிலுக்குள் முடியாது. குறைந்தது இரண்டாவது பொது ரோட்டிலோ பாலத்தின் மேலோ இருக்கட்டும். நாளைக்கு காம்பவுண்டு எழும்பினால் மற்றவற்றுக்குள் போக முடியாது.

2. ஒவ்வொரு நிலையத்திலும் சட்டத்துக்குள் மூன்று இருக்க வேண்டும்: பழைய உபயோகத்தின் தடயம் ஒன்று, அதாவது கிணறு, வாய்க்கால், தொட்டி போன்றது; நின்றுபோனதைக் காட்டும் ஒன்று; வரப்போவதைக் காட்டும் ஒன்று, அதாவது சைட் கல், மண் ரோடு, புதுக் கம்பம். மூன்றும் சேராத இடத்தை விட்டுவிடுங்கள்.

3. புள்ளியைப் பூட்டுங்கள். ஃபோன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலும் மூன்று முதல் ஐந்து மீட்டர் தவறும், அது பத்தாது. சட்டத்தின் இடது பக்கத்தில் கிட்டத்தில் ஒரு பொருளையும் தூரத்தில் ஒரு பொருளையும் ஒரே கோட்டில் வரும்படி பாருங்கள். மின்கம்பத்தின் விளிம்பு, பின்னால் மேல்நிலைத் தொட்டியின் வலது தூணைத் தொடுகிறது என்பதுபோல. வலது பக்கத்திலும் அப்படி ஒரு சோடி. இந்த இரண்டு கோடும் சந்திக்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான். அடுத்த முறை அங்கேதான் நிற்பீர்கள்.

4. அடையாளப் பொருள் அழியும் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுங்கள். மரத்தை வெட்டுவார்கள், சைட் கல்லைப் பிடுங்குவார்கள், சர்வே கல்லும் இடம் மாறும். மலை முகடு, கோயில் கோபுரம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகியவை நிற்கும். ஆனால் சித்திரையில் சென்னிமலையும் சிவன்மலையும் தூசியில் மறைந்தால் கோடு தெரியாது. அதனால் மலையை மட்டும் நம்பாமல் மூன்றாவது சோடி ஒன்றும் எழுதி வையுங்கள்.

5. லென்ஸ் உயரம் தரையிலிருந்து 1.5 மீட்டர், டேப்பால் அளந்து. புதர் அதைவிட உயர்ந்துவிட்டால் உயரத்தை மாற்றாதீர்கள். சட்டம் முழுக்க இலை வந்தால் வரட்டும், புதர் மூடியது என்பதுதானே செய்தி. கூடுதலாக வேறு கோணத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், தொடர்ப் படம் தொடர்ப் படமாகவே இருக்கட்டும்.

6. கேமரா மட்டம் பாருங்கள். மேலேயோ கீழேயோ சாய்த்தால் கம்பங்கள் விழுவதுபோல வரும், அடுத்த படத்தோடு ஒட்டாது. அடிவானத்தைச் சட்டத்தின் நடுவில் வைக்கத் தயங்க வேண்டாம். அழகுக்காக அல்ல, பொருத்துவதற்காக எடுக்கிறோம்.

7. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, 35 மி.மீ. லென்ஸில் எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு). 3.7 மீட்டர் தூரத்தில் குவித்தால் ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து மலை வரை தெளிவாக இருக்கும். சிறு சென்சாரில் 24 மி.மீ., எஃப்/8, 3.6 மீட்டர். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள், முன்னால் ஆடும் புல்லைத்தான் அது பிடிக்கும். இரண்டு விநாடி டைமர் வைத்து அழுத்துங்கள்.

8. வெள்ளைச் சமநிலையைத் ‘தானியங்கி’யில் விட்டால் கேமரா செம்மண்ணின் சிவப்பைக் குறைத்துவிடும். ‘பகல் வெளிச்சம்’ அல்லது 5,300 கெல்வினில் நிறுத்துங்கள். பின்னால் நிறம் ஒப்பிட, நிலையத்துக்கு ஒரு முறை சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்தால் பின்னால் சரிசெய்ய இடம் கிடைக்கும்.

9. வெயிலில் வெளுத்த வானமும் சீமைக்கருவேல நிழலும் ஒரே சட்டத்தில் வரும்போது ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தின்) வலது ஓரம் முட்டாமல் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பது) குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று.

10. திசைகாட்டிப் பாகை, மணி, கோடுகளின் விவரம் எல்லாம் நோட்டில். கடைசியாகக் கேமராவுக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று, முக்காலி நிற்கிற இடத்தையே ஃபோனில் ஒரு படம். அடுத்த வருடம் இதுதான் வழிகாட்டும்.

ஆடிக் காற்றில் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் ஊஞ்சலாடும், தரையைத் தொடுமளவு தாழ்த்திக் கட்டுங்கள். புல்லை அசையாமல் பிடிக்க 1/500 விநாடி வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றலாம். காற்றையே காட்ட வேண்டுமென்றால் அதிகாலை மங்கலில் அரை விநாடி. கல்லும் கிணற்றுச் சுவரும் அசையாது, கொழுக்கட்டைப் புல் மட்டும் அலையாகும்.

வழக்கமாகக் கெட்டுப்போகும் விதங்கள்

மழைக்காலப் படத்தில் பச்சை ஒரே தகடாக வரும். பார்த்தீனியமும் துத்தியும் சீமைக்கருவேலமும் வெவ்வேறு பச்சை. உச்சி வெயிலிலும் கொழுகொழுவென்று நிறத்தை ஏற்றிவிடும் ஃபோன் மென்பொருளிலும் அந்த வேறுபாடு அழிந்துவிடும். மேகம் மூடிய நேரத்தில் எடுத்து நிறத்தை ஏற்றாமல் விடுங்கள்.

குப்பையைக் கிட்டத்தில் எடுத்து முடித்துக்கொள்வது இன்னொன்று. பாட்டிலும் பாலித்தீனும் எங்கும் ஒன்றே. அது எந்த ரோட்டிலிருந்து வந்தது, எந்தப் பள்ளத்தை அடைத்தது என்பது சட்டத்தில் வர வேண்டும். பாறைக்குழியில் கொட்டிய குப்பை என்றால் விளிம்பில் பாறை வெட்டிய துளை வரிசை தெரியும்படி எடுங்கள். இல்லாவிட்டால் அது சாதாரணக் குழியாகவே போகும். குப்பை பொறுக்குகிறவர், ஆடு மேய்க்கிற பாட்டி ஆகியோரை அளவுகோலாக வைத்துச் சட்டம் அமைப்பதையும் விட்டுவிடலாம். அவர்களை எடுக்க வேண்டுமானால் கேட்டு, பேசி, தனியாக எடுங்கள்.

மயில்! கொங்குத் தரிசில் மயில் கட்டாயம் குறுக்கே வரும், கேமராவும் கட்டாயம் அதன் பின்னால் போகும். ஒன்றிரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெயில் ஏறுவதற்குள் நிலையத்துக்குத் திரும்புங்கள்.

உயிர் விஷயம்

பாம்பைவிடக் கிணறு ஆபத்து. பழைய தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகள் உண்டு. புதர் மூடிய விளிம்பில் மண் உள்ளே அரித்திருக்கும், கால் வைத்தால் சரியும். செயற்கைக்கோள் படத்தில் கிணறு இருந்த இடங்களை முன்பே குறித்துக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றிக் கோலால் தட்டி நடங்கள். கிணற்றின் உட்புறத்தை எடுக்க விளிம்பில் குனியாதீர்கள், தூரத்தில் நின்று கேமராவைக் கோலில் கட்டி நீட்டுங்கள். பாறைக்குழித் தண்ணீர் கரையிலேயே ஆளை முழுங்கும் ஆழம்.

கணுக்கால் மூடும் தடித்த பூட்ஸ் வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பில் நேராக ஏறும், வண்டி டயரும் தப்பாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டும் இந்த நிலத்துக்காரர்கள்தான். கல் குவியலிலும் தென்னை மட்டைக் குவியலிலும் கை விடக்கூடாது. கடித்தால் கட்டுப்போடாமல், வெட்டாமல், உறிஞ்சாமல், காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும். தடாகம், மதுக்கரை, மருதமலை போன்ற மலையடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகே போங்கள், மாலை ஐந்துக்கு வெளியே வந்துவிடுங்கள். மூடிய மில்லில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிற்காதீர்கள், அதன் மேல் ஏறுவதை நினைக்கவே வேண்டாம். எங்கே போனாலும் தனியாகப் போகாதீர்கள்.

டிரோன் பற்றிச் சுருக்கமாக. 2021 டிரோன் விதிகளின்படி, டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று இருந்தால் 400 அடி வரை பறக்கலாம்; விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையான தூரத்தில் 200 அடிதான். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் முடியாது. பீளமேடு விமான நிலையமும் சூலூர்த் தளமும் பக்கம் பக்கமாக இருப்பதால் கோவையின் கிழக்கு விளிம்பில் வரைபடம் பார்க்காமல் டிரோனை வெளியே எடுக்காதீர்கள். அனுமதி உள்ள இடத்தில் முப்பது முதல் அறுபது மீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் போனால் கூகுள் எர்த்தில் ஏற்கெனவே இருப்பதுதான் கிடைக்கும்.

வீடு திரும்பியதும்

அன்றிரவே கோப்புப் பெயர்களை மாற்றுங்கள். தேதி முதலில், பிறகு ஊர், நிலைய எண், திசை: ‘2025-10-20_பல்லடம்_நி03_தென்மேற்கு’ என்பதுபோல. தேதி முன்னால் இருந்தால் கணினி தானாக வரிசைப்படுத்தும். ரா கோப்புகளை அழிக்காதீர்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில்.

இரண்டு வருடப் படங்களைப் பொருத்தும்போது, அசையாத இரண்டு பொருளை, உதாரணமாகப் பாலத்தின் மூலையையும் மலை முகட்டையும், ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சற்றே சுழற்றி, வெட்டிச் சரிசெய்யுங்கள். அதற்கு மேல் இழுக்கவோ வளைக்கவோ வேண்டியிருந்தால் நின்ற இடம் தவறு. படத்தை வளைக்காமல் அடுத்த முறை புள்ளியைச் சரிசெய்யுங்கள். நிறத்திலும் வெளிச்சத்திலும் ஒரு படத்துக்குச் செய்ததை அப்படியே மற்றதற்கும் செய்ய வேண்டும்.

படத்தின் கீழே எழுதும் வரியில் கிராமம், தேதி, பார்த்த திசை, அ-பதிவேட்டின்படி நில வகை, அக்கம்பக்கத்தார் சொன்ன பழைய உபயோகம் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ‘பல்லடம் அருகே, 2025 அக்டோபர் 20, தென்மேற்கே பார்த்து. புஞ்சை. பருத்தி விளைந்த தோட்டம், கிணறு வற்றியபின் உழவில்லை என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர்’ என்ற அளவில் போதும். பட்டாதாரர் பெயரையும் புல எண்ணையும் வெளியிடாதீர்கள். விற்கிற நெருக்கடியில் இருக்கிறவரைப் புரோக்கர்கள் தேடி வர அதுவே வழியாகிவிடும். மயில் முட்டையிட்ட இடம், திறந்த கிணறு ஆகியவற்றின் ஜிபிஎஸ் விவரத்தைப் படக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள். நிலையப் புள்ளிகளின் முழு விவரமும் உங்கள் நோட்டிலும், நோட்டின் ஸ்கேன் பிரதியிலும், உங்களுக்குப் பதிலாக ஒரு வருடம் போய் எடுக்கக்கூடிய இன்னொருவர் கையிலும் இருக்க வேண்டும்.